பதினைந்து ஓடைகளோடு தொடங்குவது: ஆர்எஸ்எஸ் ரீடர் அமைப்புப் பதிவு

ஒரு தளத்தின் புதிய இடுகைகளின் பட்டியல்தான் ஓடை. பல தளங்களின் ஓடைகளை ஒரே இடத்தில் படிக்கத் தரும் மென்பொருள் ஆர்எஸ்எஸ் ரீடர். அமைப்பு இதுதான்: விண்டோஸ் மடிக்கணினியில் தண்டர்பேர்ட், ஆண்ட்ராய்டு கைபேசியில் ஃபீடர். இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம், ஓடை படிக்க இரண்டிலும் எங்கும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. ஓடைகள் 15. வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். ரீடரை நிறுவப் பத்து நிமிடம் போதும். மற்ற நேரமெல்லாம் ஓடையின் முகவரியைக் கண்டுபிடிப்பதிலும், வராத ஓடை ஏன் வரவில்லை என்று பார்ப்பதிலும் போகும். அதனால் இந்தப் பதிவிலும் அவற்றுக்குத்தான் அதிக இடம்.

ஃபீட், தமிழில் செய்தியோடை, சுருக்கமாக ஓடை. ஒரு தளம் கடைசியாக வெளியிட்ட சில இடுகைகளின் தலைப்பு, சுட்டி, தேதி, உள்ளடக்கம் இவற்றை எக்ஸ்எம்எல் வடிவில் அடுக்கி வைத்திருக்கும் கோப்பு அது. தளம் உங்களுக்கு எதையும் அனுப்புவதில்லை. உங்கள் ரீடர்தான் மணிக்கொரு தடவை போய் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதி தானாகவே புரியும். ஓடைகளில் ஆர்எஸ்எஸ் 2.0, ஆட்டம் என்ற இரண்டு வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. முன்னது 2002 இல் வந்தது, பின்னது 2005 இல் ஆர்எஃப்சி 4287 என்ற இணையத் தர ஆவணமாக நிலைபெற்றது. ஒரு தளம் இரண்டையும் கொடுத்தால் எதை வேண்டுமானாலும் எடுங்கள், படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பாட்காஸ்ட் என்பதும் ஆர்எஸ்எஸ் 2.0 ஓடைதான், உள்ளே ஒலிக்கோப்பின் முகவரி கூடுதலாக இருக்கும்.

எந்த ரீடர்

கருவியிலேயே ஓடும் ரீடர்கள் ஒரு வகை: தண்டர்பேர்ட், ஃபீடர், ஆப்பிள் கருவிகளுக்கு நெட்நியூஸ்வயர். கருவி விழித்திருக்கும்போது மட்டுமே இவை ஓடைகளைப் பார்க்கும். சர்வரில் இருந்து இரவும் பகலும் பார்த்துச் சேர்த்து வைப்பவை இன்னொரு வகை: ஃபீட்லி, இனோரீடர், சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ்.

உங்களுக்கு எது சரி என்பதைச் சின்னக் கணக்கு ஒன்று சொல்லிவிடும். வேர்ட்பிரஸ் தளத்தின் ஓடையில் அமைப்பை மாற்றாதவரை 10 இடுகைகள்தான் இருக்கும். பிளாகரில் 25, யூடியூப் சேனலில் 15. நாளுக்கு 60 செய்தி போடும் ஒரு தளம் 10 இடுகை ஓடை வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்தில் அந்த ஓடை முழுக்க மாறிவிடும். இரவு மடிக்கணினியை 8 மணி நேரம் மூடி வைத்தால் 20 செய்திகள் வந்து போயிருக்கும், காலையில் கிடைப்பது கடைசி 10. மற்ற 10 ஓடையிலேயே இல்லை. ரீடரில் எந்த அமைப்பை மாற்றினாலும் அவை திரும்ப வராது. அதுவே வாரம் ஒரு கட்டுரை எழுதும் தளமாக இருந்தால், மடிக்கணினியை இரண்டு மாதம் திறக்காவிட்டாலும் ஒன்றும் விட்டுப்போகாது.

புதிதாகத் தொடங்குபவர் கருவியில் ஓடும் ரீடரையே எடுக்கலாம். மெதுவாக எழுதும் தளங்களைத் தொடரத்தான் ஆர்எஸ்எஸ் உண்மையில் அருமையான கருவி, அவற்றுக்கு சர்வர் தேவையில்லை. எல்லாச் செய்தியும் ஒன்றுவிடாமல் வேண்டும் என்கிற பத்திரிகையாளர், ஆய்வாளர்களுக்கு மட்டும் இரண்டாவது வகை.

முகவரியைக் கண்டுபிடிப்பது

முன்பு உலாவிகளே ஓடை இருப்பதைக் காட்டின. ஃபயர்ஃபாக்ஸ் 2018 டிசம்பரில் வந்த 64 ஆம் பதிப்போடு அந்த வசதியை எடுத்துவிட்டது. தளங்களிலும் ஆரஞ்சு நிறச் சின்னம் இப்போது அரிது. ஆனால் சின்னம் போன தளங்களிலும் ஓடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கீழே வரும் சொற்களை எல்லாம் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளமானால் முகப்பு முகவரியின் இறுதியில் சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்று சேர்த்தால் போதும். பிளாகரில் சாய்கோடு 'ஃபீட்ஸ்', சாய்கோடு 'போஸ்ட்ஸ்', சாய்கோடு 'டிஃபால்ட்'. முன்னதில் ஒருமை, பின்னதில் பன்மை. தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஓடையே இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்தக் கடைசி 'ஸ்' இருக்க வேண்டுமா கூடாதா என்று ஒருமுறை பாருங்கள். சப்ஸ்டாக்கிலும் ஒருமைதான். மாஸ்டடான் கணக்கானால் பக்க முகவரியின் இறுதியில் புள்ளி வைத்து 'ஆர்எஸ்எஸ்'. கிட்ஹப்பில் ஒரு மென்பொருளின் புதிய வெளியீடுகளைத் தொடர, 'ரிலீசஸ்' பக்க முகவரியின் இறுதியில் புள்ளி வைத்து 'ஆட்டம்'.

தளம் முழுவதும் வேண்டாம், ஒரு பகுப்பு மட்டும் போதும் என்றால் வேர்ட்பிரஸ்ஸில் அந்தப் பகுப்புப் பக்கத்தின் முகவரியோடு 'ஃபீட்' சேருங்கள். பிளாகரில் 'டிஃபால்ட்' என்பதற்குப் பிறகு சாய்கோடு, ஒரு சிறுகோடு, மறுபடி சாய்கோடு, அப்புறம் குறிச்சொல். குறிச்சொல் தமிழில் இருந்தாலும் வேலை செய்யும். நிறைய எழுதும் தளத்தில் நமக்கு வேண்டிய ஒரு துறையை மட்டும் பிரித்தெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வேண்டாத சொல் உள்ள இடுகைகளைத் தடுக்கும் வடிகட்டியைப் போடுவதற்கு முன் எப்போதும் இதை முயன்று பாருங்கள்.

யூடியூபில் சேனலின் பெயர் உதவாது, சேனல் எண் வேண்டும். சேனல் பக்கத்தில் விவரக்குறிப்பைத் திறந்து, பகிர்வுப் பொத்தானுக்குள் போனால் 'காப்பி சேனல் ஐடி' இருக்கும். யூ, சி என்ற இரண்டு பெரிய எழுத்துகளில் தொடங்கும் 24 எழுத்துக் குறியீடு அது. யூடியூப் முகவரியோடு 'ஃபீட்ஸ்', சாய்கோடு, 'வீடியோஸ்' புள்ளி 'எக்ஸ்எம்எல்', கேள்விக்குறி, 'சேனல்' அடிக்கோடு 'ஐடி', சமக்குறி, கடைசியில் இந்தக் குறியீடு. இங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. கையால் அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் ஓடைகள் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. அண்மைய மாற்றங்களுக்கு மட்டுமல்ல, தனிக் கட்டுரை ஒவ்வொன்றின் வரலாற்றுப் பக்கத்துக்கும் ஆட்டம் ஓடை இருக்கிறது, பக்கக் கருவிகளில் அதன் இணைப்பைப் பார்க்கலாம். நீங்கள் எழுதிய கட்டுரையில் யாராவது கைவைத்தால் ரீடரில் வந்து நிற்கும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், யூ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மூலநிரல் வரும். அதில் 'ஆர்எஸ்எஸ்', பிறகு 'ஆட்டம்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். மேலே தலைப்பகுதியிலேயே ஓடையின் முழு முகவரி எழுதியிருக்கும்.

கிடைத்த முகவரியை ரீடரில் போடும் முன் குரோமில் திறந்து பாருங்கள். வெறும் குறிகளாக, மேலே 'இந்த எக்ஸ்எம்எல் கோப்பில் ஸ்டைல் தகவல் எதுவும் இல்லை' என்ற பொருளில் ஒரு வரியோடு வரும். பழகாதவர்கள் பிழை என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். அது பிழையே அல்ல, ஓடை நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

தண்டர்பேர்டில்

மேல் மெனு தெரியவில்லை என்றால் ஆல்ட் விசையைத் தட்டுங்கள். ஃபைல், நியூ, ஃபீட் அக்கவுன்ட். கணக்கு என்று பெயரே தவிர எங்கும் பதிய வேண்டியதில்லை. பெயர் கேட்கும், விரும்பியதைக் கொடுக்கலாம். இடப்பக்கம் புதிய கணக்கு வந்ததும் அதன்மேல் வலது சொடுக்கி 'சப்ஸ்கிரைப்' எடுத்து, முகவரியை ஒட்டி, 'ஆட்' அழுத்துங்கள். சில நொடிகளில் அந்தத் தளத்தின் பெயரில் ஒரு கோப்புறை வரும், உள்ளே இடுகைகள் மின்னஞ்சல்போல அடுக்கியிருக்கும்.

ஒரே மூச்சில் 15 ஐயும் போடாதீர்கள். ஒன்று போடுங்கள், இடுகை வந்ததா என்று பாருங்கள், அடுத்ததற்குப் போங்கள். பத்தைச் சேர்த்துவிட்டுப் பிறகு எதில் கோளாறு என்று தேடுவது இரட்டை வேலை.

அந்தச் சாளரத்திலேயே கட்டுரைச் சுருக்கத்தைக் காட்டவா, வலைப்பக்கத்தையே ஏற்றவா என்று ஒரு தேர்வு இருக்கும். முழு உரையையும் ஓடையில் தரும் தளங்களுக்குச் சுருக்கம் என்பதையே வையுங்கள். பெயர் சுருக்கம் என்றாலும் ஓடையில் வந்தது முழுவதையும் காட்டும். இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும் தளங்களுக்கு மட்டும் வலைப்பக்கம். இரண்டு வரிதான் வருகிறது என்றால் அது ரீடரின் குறையல்ல. வேர்ட்பிரஸ்ஸின் வாசிப்பு அமைப்பில் முழு உரை, சுருக்கம் என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தீர்மானிப்பவர் தளத்தை நடத்துபவர். தளம் நடத்துபவர் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முழு உரையைக் கொடுங்கள். ரீடரில் படிப்பவர்தான் உங்கள் ஒரு இடுகையையும் விடாதவர்.

எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை 60 என்று வையுங்கள். 5 நிமிடம் என்று வைத்தால் சில தளங்கள் 429 என்ற எண்ணோடு கதவைச் சாத்திவிடும். அடிக்கடி வருகிறாய் என்று அதற்குப் பொருள். கோப்புறைமேல் வலது சொடுக்கி, பண்புகளில் 'ரிடென்ஷன் பாலிசி' எடுத்து, செய்தித் தளங்களுக்கு மட்டும் 30 நாள் தாண்டியதை நீக்கு என்று கொடுங்கள். நட்சத்திரமிட்டதை வைத்துக்கொள் என்பதைக் குறியிட மறக்க வேண்டாம்.

கைபேசிக்கு

சேர்த்த பட்டியலை மறுபடி கைபேசியில் அடிக்க வேண்டியதில்லை. தண்டர்பேர்டில் ஃபீட் சந்தா சாளரத்தில் 'எக்ஸ்போர்ட்' உண்டு. ஓபிஎம்எல் என்ற கோப்பு கிடைக்கும், ஓடைகளின் பெயரும் முகவரியும் மட்டும் உள்ளே இருக்கும். அதைக் கைபேசிக்கு அனுப்பி ஃபீடரின் மெனுவில் 'இம்போர்ட்' கொடுத்தால் 15 ம் வந்துவிடும். படித்தது, படிக்காதது என்ற கணக்கு மட்டும் இதில் வராது. கருவிக்குக் கருவி அது தனி. இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால்தான் சர்வர் வகை ரீடருக்குப் போக வேண்டும்.

இந்தக் கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். 2005 இல் வந்த கூகுள் ரீடர் 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது, பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்கள் அன்றைக்கே வேறு ரீடருக்கு மாறினார்கள். ஓடை சேர்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று இறக்கி, கோப்புப் பெயரில் தேதி போட்டு வைப்பது நல்ல பழக்கம்.

ஃபீடர் தானாகப் புதுப்பிக்கவில்லை, திறந்தால்தான் வருகிறது என்ற குறை பொதுவாக உண்டு. காரணம் கைபேசியின் பேட்டரிச் சிக்கனம். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ஃபீடர் செயலிக்குப் போய், பேட்டரியில் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றுங்கள். சுருக்கம் மட்டும் தரும் ஓடைகளுக்கு, அந்த ஓடையின் அமைப்பில் முழுக் கட்டுரையை எடுத்துவா என்பதை இயக்குங்கள். தமிழ்க் குரல் நிறுவியிருந்தால் கட்டுரையை வாசித்தும் காட்டும், சமையலறையில் மிக உதவி.

வராத ஓடை

ஒரு மாதிரியை முழுதாகப் பார்ப்போம். முகவரி சரி, உலாவியில் ஏதோ வருகிறது, ரீடர் மட்டும் 'சரியான ஓடை அல்ல' என்கிறது. உலாவியில் அதையே திறந்து மூலநிரலைப் பார்த்தால் முதல் வரி காலி, இது எக்ஸ்எம்எல் கோப்பு என்று சொல்லும் அறிவிப்பு இரண்டாம் வரியில் தொடங்குகிறது. அந்தக் காலி வரிதான் முழுக் கோளாறும். அறிவிப்பு கோப்பின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும், அதற்கு முன் ஓர் இடைவெளிகூட இருக்கக்கூடாது என்பது எக்ஸ்எம்எல் விதி. வேர்ட்பிரஸ்ஸில் இது வருவது தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், அல்லது ஏதாவது ஒரு ப்ளக்இன்னில், பிஎச்பி முடிவுக்குறிக்குப் பிறகு யாரோ ஒன்றுக்கு மேற்பட்ட தடவை என்டர் தட்டி விட்டதால். வலைப்பக்கமாகத் திறந்து பார்த்தால் அந்தக் காலி வரி யார் கண்ணிலும் படாது, ஓடையில் மட்டும் உடைக்கும். தளம் உங்களுடையது என்றால் முடிவுக்குறியையே எடுத்துவிடுங்கள், அது கட்டாயமில்லை. கோப்பை பிஓஎம் (கோப்பின் தொடக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத குறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். பிறர் தளம் என்றால் டபிள்யூ3சி ஃபீட் வேலிடேட்டரில் முகவரியைக் கொடுங்கள், பிழை எந்த வரியில் என்று சொல்லும். அதை நகலெடுத்துத் தள உரிமையாளருக்கு அனுப்பினால் பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள்.

இன்னொன்று தேதி. நம் பக்கத்துத் தளங்களில் சிலவற்றின் இடுகைகள் ஐந்தரை மணி நேரம் முன்னே, அதாவது இன்னும் வராத நேரத்தில் வந்து பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும். ஓடையைத் திறந்து தேதி வரியைப் பாருங்கள். +0530 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐஎஸ்டி என்ற மூன்று எழுத்து இருக்கும். அது ஓடைத் தேதிக்கான விதிமுறையில் உள்ள நேர மண்டலப் பெயர் இல்லை. தெரியாத பெயரைக் கிரீனிச் நேரமாக ரீடர் எடுத்துக்கொள்கிறது. மாதத்தின் பெயரைத் தமிழில் எழுதும் தளங்களில் தேதியைப் படிக்கவே முடியாமல், ரீடரைப் பொறுத்து இடுகை 1970 ஜனவரி 1 க்குப் போய் அடியில் மறைந்துவிடலாம். ஆர்எஸ்எஸ் 2.0 ஓடைக்குள் மாதம் ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

படித்து முடித்த பழைய இடுகைகள் எல்லாம் திடீரென்று புதியதாக வந்து நிற்பதும் உண்டு. ஒவ்வொரு இடுகைக்கும் ஓடையில் ஓர் அடையாளக் குறி இருக்கும், ரீடர் அதைப் பார்த்துத்தான் புதியதா பழையதா என்று முடிவுசெய்கிறது. தளம் வேறு மென்பொருளுக்கு மாறும்போது குறி மாறினால் பத்தும் புதியதாகிவிடும். ஒருமுறை 'எல்லாம் படித்தாயிற்று' கொடுத்தால் தீர்ந்தது. பிளாகரில் இது நடப்பதில்லை. அதன் குறியில் முகவரிக்குப் பதில் பிளாகர் பெயரும் 1999 என்ற ஆண்டும் பதிவின் எண்ணும்தான் இருக்கும், சொந்த டொமைனுக்கு மாறினாலும் மாறாது.

தமிழில் மட்டும் வருபவை

வேர்ட்பிரஸ்ஸில் தமிழ் முகவரியை நகலெடுத்தால் விழுக்காட்டுக் குறிகளாக நீளும். யூடிஎஃப்-8 இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்து, ஆக ஒன்றுக்கு 9. வேர்ட்பிரஸ் பெயர்ச்சுட்டிக்கு, அதாவது முகவரியில் பெயர் வரும் பகுதிக்கு, ஒதுக்கும் இடம் 200 எழுத்து, அதாவது 22 தமிழ்க் குறியீடு. புள்ளியும் துணைக்கால்களும்கூடத் தனிக் குறியீடுகள் என்பதால் இரண்டு மூன்று சொல்லிலேயே அது தீர்ந்துவிடும். பகுப்பின் பெயர் நீளமாக இருந்தால் முகவரி பாதியில் வெட்டியிருப்பது இதனால்தான். அதைத் திருத்தாமல், வெட்டியபடியே 'ஃபீட்' சேருங்கள்.

வடிகட்டி போடும்போது ஆங்கில உதாரணங்கள் உதவாது. 'ஏலம்' என்று தடுத்தால் 'ஏலத்தில்', 'ஏலங்கள்' தப்பிவிடும். மகர ஈறு உருபேற்கும்போது மாறுகிறது. 'ஏல' என்று சுருக்கினால் எல்லாம் மாட்டும், கூடவே 'ஏலக்காய்' சமையல் குறிப்பும் போய்விடும். ஆகவே 'ஏலம்', 'ஏலத்', 'ஏலங்' என்று மூன்றாகப் போடுங்கள். 'மழை' போன்ற சொற்களில் இந்தச் சிரமம் இல்லை, 'மழையால்', 'மழைக்கு' எதிலும் அடி அப்படியே நிற்கிறது.

சரியாகப் போட்ட வடிகட்டியும் சில தளங்களில் மட்டும் பிடிக்காது. 'கொ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் வடிகட்டிக்கு அவை வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரைகளில் இது அதிகம். 'ஸ்ரீ' யும் இப்படித்தான், ஸகரத்தில் ஒன்று, ஶகரத்தில் ஒன்று. சொல்லை நீங்கள் அடிக்காமல், அந்தத் தளத்தின் தலைப்பிலிருந்தே நகலெடுத்து வடிகட்டியில் ஒட்டுவது எளிய தீர்வு.

அடுக்கும் முறை

அரசியல், அறிவியல், இலக்கியம் என்று பொருள்வாரியாக அடுக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அப்படி அடுக்கினால் நாளுக்கு 40 போடும் தளமும் மாதத்துக்கு ஒன்று எழுதுபவரும் ஒரே கோப்புறையில் சேர்வார்கள், மாதத்துக்கு ஒன்று எழுதுபவர் காணாமல் போவார். எழுதும் வேகத்தை வைத்துப் பிரியுங்கள்: 'தினம்', 'வாரம்', 'எப்போதாவது'. 15 இல் முதலாவதில் 3, இரண்டாவதில் 7, மூன்றாவதில் 5. 'தினம்' கோப்புறையில் தலைப்பை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மொத்தமாகப் படித்ததாகக் குறிக்கலாம், அதில் மனம் கூச வேண்டியதில்லை. ஃபீடரில் அறிவிப்பு ஒலியை மூன்றாவதுக்கு மட்டும் இயக்குங்கள்.

ஒரு மாதம் கழித்து எண்களைப் பாருங்கள். ஒரு தளத்தின் கோப்புறையில் படிக்காதவை பாதிக்கு மேல் என்றால் அந்தத் தளத்தின் பகுப்பு ஓடைக்கு மாறுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்ட தளத்தை நீக்க வேண்டாம். 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் காலத்திலிருந்து வந்த வலைப்பதிவுகள் எத்தனையோ பிளாகரில் அப்படியே நிற்கின்றன, அவற்றின் ஓடைகளும் உயிரோடுதான் இருக்கின்றன. ரீடர் போய்க் கேட்கும்போது, மாற்றம் இல்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடும், கோப்பே இறங்காது. சில நூறு பைட்டோடு போயிற்று. அவர் என்றைக்காவது மறுபடி எழுதினால் அன்றைக்கே 'எப்போதாவது' கோப்புறையில் 1 என்று காட்டும்.